அக்கா கல்யாணத்தில் நான் வாசித்த ஜாஸ்

கூச்சக்காரர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரே ஒரு வேலையைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் செய்யக்கூடிய வேலை. எனக்கு அது மீசை முளைத்தும் முளைக்காத வயதிலேயே கிடைத்துவிட்டது. எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிக்கிற வேலை.

(கோயில் என்று நான் சொல்வது எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தை. பாறசாலைப் பக்கத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே இருக்கும் போதகரை ஐயர் என்போம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.)

ஆர்கன் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய மேசை மாதிரி ஒரு பெட்டி. கீழே இரண்டு மிதிகள். அவற்றைக் காலால் மாறி மாறி மிதித்தால் உள்ளே காற்று ஏறும். காற்று இருக்கும்வரை சத்தம் வரும். மிதிப்பதை நிறுத்தினால் வயதான மாடு படுக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிவிடும். நான் மிதிப்பது வெறுங்காலோடுதான், அப்போதுதான் மிதி வழுக்காது. இது பின்னால் முக்கியமாக வரும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரலாம் என்பது. ஐயர் எப்போது கை காட்டுகிறார் என்று தெரிய வேண்டுமே? அதற்கு ஆர்கனின் தலையில் முகச்சவரக் கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். அதில் ஐயரின் கை மட்டும் தெரியும். எனக்கு உலகத்தில் அவ்வளவு பேர் போதும்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு ஒரே ராகம், ஆனால் தமிழ் பேசுகிறவர்கள் தமிழில் பாடுவார்கள், மலையாளம் பேசுகிறவர்கள் மலையாளத்தில் பாடுவார்கள். ஒரே நேரத்தில். சுவரில் தொங்கும் பலகையில் இடது பக்கம் தமிழ்ப் புத்தகத்தின் பாட்டு எண், வலது பக்கம் மலையாளப் புத்தகத்தின் எண். வார்த்தைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், ஆர்கன் நடுவில் கயிறு மாதிரி இரண்டையும் பிடித்துக்கொண்டு போகும். கடைசியில் ஆர்கன் நின்றதும் ‘ஆமென்’. அந்த ஒரு வார்த்தையில்தான் இரண்டு பேரும் சேர்ந்துகொள்வோம். எங்களுக்கு இது விசித்திரமாகவே தோன்றியதில்லை. வீட்டிலும் சந்தையிலும் பேசுவதும் அப்படித்தானே.

அப்புறம் எல்லைப் போராட்டம் வந்தது. எங்கள் பகுதியைத் தெற்கே உள்ள தமிழ்ப் பகுதிகளோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று இன்னொரு கூட்டம். நேற்றுவரை இரண்டு பாஷையையும் கலந்து பேசிக்கொண்டிருந்தவர்கள், அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எறிய ஆரம்பித்தார்கள். சந்தையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு மொத்த வியாபாரம் செய்த என் அப்பா, இனிமேல் தமிழைத் தவிர வேறு பேச மாட்டேன் என்று ஊர்வலத்தில் சத்தியம் செய்துவிட்டு வந்தார். (கோபம் வந்தால் மட்டும் அவருக்கு மலையாளம்தான் வரும். திட்டுவதற்கு அதுதான் வசதி என்பார். அப்பாவுக்குத் தினமும் கோபம் வரும்.)

கோயிலிலும் பாட்டு மாறிப்போனது. ராகம் அதேதான். சத்தம்தான் கூடியது. யாருடைய பாஷை கூரையைத் தொடுகிறது என்று பார்ப்பவர்கள்போலப் பாடினார்கள். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து தாசன் திரும்பி வந்தான். தாசன் என் சித்தி மகன், என் வயதுதான். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலையில் இருந்தவன். வேலை போய், தலைமுடியில் நிறைய எண்ணெயும் வாயில் நிறைய இங்கிலீஷுமாக வந்து இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆர்கன் பக்கத்தில் வந்து நின்று, என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

“எலே மக்கா, நீ இன்னும் இப்பிடியா வாசிக்கே?”

“எப்பிடி?”

“பிணத்துக்குப் பொறவ நடக்க மாதிரி. ஜாஸ் கேட்டிருக்கியா? நான் தினமும் கேட்டவனாக்கும். எங்க ஹோட்டல்ல ஒரு சட்டைக்காரன், பாதி வெள்ளக்காரன், பியானோ வாசிப்பான். நாற்காலியில இருக்கவன் காலு தானா ஆடும்.”

மறுநாள் மத்தியானமே பாடம் தொடங்கிவிட்டது. ஆர்கன் உட்காரும் பலகையில் நானும் அவனும் ஒட்டி உட்கார்ந்தோம். முதலில் கார்டு. (மூன்று நான்கு கட்டைகளை ஒரே நேரத்தில் அமுக்குவதற்கு அதுதான் பெயராம். நான் பல வருஷமாகப் பெயர் தெரியாமலே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.) பாட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டை இருக்கும் இடத்தில் தாசன் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தான். அதற்கு செவன்த் என்று பெயர்.

அமுக்கியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாதாரண கார்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். இந்த செவன்த் வாசலில் நின்றுகொண்டு, ‘எங்கேயோ போகணுமே, வாறியா?’ என்று கேட்டது. கேட்ட இடத்துக்குப் போனால், அங்கேயும் ஒரு செவன்த்தைப் போடச் சொன்னான் தாசன். அது இன்னோர் இடத்துக்குக் கூப்பிட்டது. இப்படியே ஒன்று ஒன்றைக் கூப்பிட, போகப் போக, ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றோம்.

“இதாக்கும் ஜாஸ்,” என்றான் தாசன்.

“இது இடக்கைதானே? வலக்கைக்கு என்னது?”

“வலக்கைக்கு விடுதல. மனசுல என்ன தோணுதோ அத அடி. ஒண்ணும் தோணலேன்னா தோணுக மாதிரி அடி. அதுக்கு இம்ப்ரவைசேஷன்னு பேரு.”

“அந்தச் சட்டைக்காரரு வலக்கையால என்ன அடிப்பாரு?”

தாசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அது எனக்கறியாதுலே. சாப்பாட்டுத் தட்டு வச்சிக்கிட்டு நாங்க நிக்க எடம் பியானோவுக்கு எடது பக்கமாக்கும். எடக்கை நல்லா தெரியும். வலக்கை அவருக்க வயித்துக்கு அந்தப் பக்கம் கெடந்து. அவருக்கு நல்ல வயிறு.”

பாதி ஜாஸ் மட்டுமே தெரிந்த ஆசிரியர் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ, பாதி வந்துவிட்டது, மீதி என் மனசில்தானே இருக்கிறது என்று தோன்றியது. யாரும் இல்லாத மத்தியானங்களில் கோயிலைப் பூட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி செவன்த் வாசித்தேன். மணி அடிக்கும் ஆசீர் ஒருநாள் கதவைத் தட்டி, “ஆர்கனுக்கு வயித்துவலியா தம்பி?” என்று கேட்டார். ஜாஸ் எல்லோருக்கும் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் என் அக்கா நேசத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்கா ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை ஸ்டீபன் சார் அதே பள்ளிக்கூடத்தில் சார். வீடு நெய்யாற்றின்கரைக்கு வடக்கே, வீட்டில் மலையாளம். வேறு வருஷமாக இருந்தால் இதை ஒரு விஷயமாகவே யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அந்த வருஷம், வீட்டுக்கு வீடு தூது போய்த்தான் முடிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சாமுவேல் அம்மாவன், மர அறுப்பு மில் வைத்திருந்தவர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கோயிலுக்குள் ஊர்வலச் சத்தம் எதுவும் வரக் கூடாது. வந்தால் மாப்பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அப்பாவும் ஒரு நிபந்தனை போட்டார். பாட்டில் தமிழை அமுக்கக் கூடாது. ஐயர் இரண்டு பேரையும் உட்காரவைத்து, வழக்கம்போல இரண்டு பாஷையும் ஒரே ராகத்தில், யாரும் கத்தாமல், என்று முடிவு செய்தார். ஆக, இரண்டு குடும்பத்தையும் கட்டிப்போட்டிருந்த கயிறு என் கையில் இருந்தது.

அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். ஆர்கனுக்கு வயிற்றுவலி வந்த கதையும் அவள் காதுக்குப் போயிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள்.

“எலே, எனக்க கெட்டுக்கு நீ நேரே வாசிக்கணும். வளவு திருவு ஒண்ணும் வேண்டாம். கேட்டியா?”

“கேட்டேன்.”

“அந்தத் தாசன் என்னமும் சொல்லித் தந்தான்னா, அத அவனுக்க கெட்டுக்கு வாசி.”

நேரே வாசிக்கத்தான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் அக்காவுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை என்பது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். யாராவது வீட்டுக்கு வந்தால் நான் ஒளிந்துகொள்ளும் இடம் தெரிந்தும் காட்டிக்கொடுக்காதவள். அவளுக்கு நான் வாயால் இரண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமானால், நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். கையால் சொல்லலாம் அல்லவா? கடைசிச் சரணத்துக்கு முன்னால் எல்லோரும் மூச்சு வாங்க ஆர்கன் மட்டும் ஒரு வரி வாசிப்பது வழக்கம். அந்த ஒரு வரியில், ஒரே ஒரு செவன்த். அதுதான் என் கல்யாணப் பரிசு.

கல்யாணத்தன்று காலையில் கோயிலுக்குள் போனதுமே முதல் அடி விழுந்தது. அலங்காரம் செய்த பெண்கள் என் ஆர்கனையும் விடவில்லை. குருத்தோலையும் அரளிப்பூவும் சுற்றி, என் கண்ணாடியை முழுசாக மூடிவிட்டார்கள். பிரித்து எடுக்கலாம் என்றால் பக்கத்திலேயே அத்தனை பெண்கள் நின்றார்கள். அவர்களிடம் நான் எப்படிப் பேசுவது? பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் அரளிப்பூ, பின்னால் இரண்டு குடும்பங்கள்.

அக்கா வந்தாள். காலில் ஸ்டீபன் சார் திருவனந்தபுரத்திலிருந்து வாங்கிவந்த குதிகால் உயர்ந்த புதுச் செருப்பு. அந்தக் காலத்தில் கோயிலுக்குள் செருப்புப் போடக் கூடாது. மணவாட்டிக்கு மட்டும் ஐயர் அனுமதி கொடுத்திருந்தார். டொக், டொக் என்று அது தரையில் நடந்து வந்ததை நான் முதுகால் கேட்டேன்.

பாட்டு தொடங்கியது. தாலி கட்டுவதற்கு முன்னால் பாடுகிற பாட்டு. இடது பக்கம் எங்கள் ஆட்கள் தமிழில், வலது பக்கம் மாப்பிள்ளை ஆட்கள் மலையாளத்தில். யாரும் கத்தவில்லை. சொல்லப்போனால் அவ்வளவு நாளில் அவ்வளவு அழகாக அவர்கள் பாடிக் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசிச் சரணத்துக்கு முந்தின இடைவெளி வந்தது. முன் பெஞ்சிலிருந்து தாசன் தொண்டையைக் கனைத்தான்.

போட்டேன் செவன்த்தை.

அது வாசலில் நின்று ‘வாறியா?’ என்றது. போனேன். போன இடத்தில் விரல் பழக்கத்தில் இன்னொரு செவன்த்தைப் போட்டது. வலக்கைக்கு மனசில் தோன்றியதை அடிக்க வேண்டும். பயத்தில் மனசில் ஒன்றுமே தோன்றவில்லை. வலக்கைக்குத் தெரிந்தது அந்தப் பாட்டின் முதல் வரி மட்டும்தான். அதை அடித்தது. ஆனால் புது இடத்தில், எக்கச்சக்கமான உயரத்தில்.

கடைசிச் சரணம் தொடங்கிவிட்டது என்று நினைத்து எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் உச்சத்தில் பாடுவதில் பேர் போனவர்கள். ஏறிவிட்டார்கள். வலது பக்கத்து ஆண்களின் தொண்டை பாதி வழியில் நின்றுவிட்டது. கோயில் முழுக்கத் தமிழ்.

“இது மனப்பூர்வமாணு!” என்று சாமுவேல் அம்மாவனின் குரல் கேட்டது. வேண்டுமென்றே செய்கிறான் என்கிறார்.

சரிசெய்ய வேண்டும் என்று அடுத்த இடத்துக்குப் போனேன். அது பாதாளம். மாப்பிள்ளை பக்கத்து ஆண்கள், மில்லில் மரம் தூக்குகிறவர்கள், அதற்காகவே காத்திருந்தவர்கள்போல முழங்கினார்கள். எங்கள் பெண்களின் குரல் அடியில் நசுங்கிப்போனது. கோயில் முழுக்க மலையாளம்.

“எலே ஜெபமணி! வெல போயிற்றியாலே?” இது அப்பா. பெற்ற மகனை, கோயிலுக்குள், விலைபோனவன் என்கிறார்.

நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு செவன்த்தும் இன்னோர் இடத்துக்குக் கூப்பிடுகிறது. எந்த இடத்திலும் உட்காரச் சொல்லவில்லை. நடுவழியில் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. நிறுத்தினால் திரும்பிப் பார்க்க வேண்டுமே! ஐயர் பின்னால் என்ன கை காட்டிக்கொண்டிருந்தாரோ, நான் பார்த்தது அரளிப்பூவை மட்டும்தான். மிதித்தேன். மேலே போனேன், தமிழ். கீழே வந்தேன், மலையாளம். சரணங்கள் தீர்ந்துபோய் இரண்டு பக்கமும் முதல் சரணத்திலிருந்து மறுபடி பாடினார்கள். இப்போது எல்லோரும் கத்தினார்கள். ஆர்கனையும் யாரும் மதிக்கவில்லை. ஆளுக்கொரு பாஷை, ஆளுக்கொரு சுருதி. ஊர்வலம் கோயிலுக்குள் வந்தேவிட்டது. கூட்டிவந்தவன் நான்.

“ஸ்டீபா, வா, போகாம்,” என்றார் அம்மாவன். பெஞ்சு ஒன்று நகர்ந்தது. யாரோ வெளியே கால் வைத்தார்கள். அதற்குப் பதில் அப்பா ஏதோ கத்தினார், அதுவும் மலையாளத்தில். அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது, என் அக்காவின் கல்யாணத்தை நான் என் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் நிறுத்திக்கொண்டிருக்கிறேன் என்று.

அப்போதுதான் கேட்டது. டொக், டொக், டொக். பீடத்தின் முன்னாலிருந்து என்னை நோக்கி வந்தது.

முக்காடு போட்ட மணவாட்டி ஆர்கன் பக்கத்தில் வந்து நின்றாள். பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கினாள். திருவனந்தபுரத்துக் குதிகாலை என் வலது கால் பெருவிரல்மேல் வைத்து, உடம்பு எடை முழுவதையும் இறக்கினாள்.

நான் சத்தம் போடவில்லை. எனக்குப் பதிலாக ஆர்கன் போட்டது. மிதி நின்றதும் மாடு படுக்கிற அந்தப் பெருமூச்சு, நீளமாக, கீழே கீழே இறங்கி, கோயில் மூலைகளிலெல்லாம் போய் அடங்கியது.

ஆர்கன் நின்றால் என்ன சொல்வது என்று எங்கள் சபைக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.

“ஆமென்,” என்றார்கள். எல்லோரும். இரண்டு பக்கமும் ஒரே குரலில். புறப்பட்டு நின்ற அம்மாவனும் சொன்னார், கையை ஓங்கியிருந்த அப்பாவும் சொன்னார். சொல்லிவிட்டு, பழக்கப்படியே இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஆமென் சொன்னால் உட்கார வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்த பிறகு மறுபடி எழுந்து சண்டை போட இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

அக்கா விடவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்தே சொன்னாள், “ஐயரே, இனி கெட்டு நடக்கட்டும். வெரசா.”

மாப்பிள்ளை மட்டும் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள். தாலி கட்டும்போதுகூடத் தோள் குலுங்கிக்கொண்டிருந்ததாம்.

விருந்தில் நான் பாயச உருளிக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டு ஒளிந்திருந்தேன். தாசன் தேடி வந்தான்.

“எலே, எப்பிடி முடிக்கணும்னு நீ சொல்லியே தரலியே!” என்றேன்.

“முடிக்கத நான் கேட்டாத்தானே மக்கா? பாட்டு பாதியில போவும்போ அடுக்களையில மணி அடிப்பான். தட்டெடுக்கப் போயிருவேன். திரும்பி வந்தா வேற பாட்டு.”

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உருளிக்கு மேலே சாமுவேல் அம்மாவனின் தலை தெரிந்தது. அவர் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“மோனே, நீ ஒடுவில் வாயிச்சது எந்தா?” கடைசியில் வாசித்தாயே, அது என்ன என்று கேட்கிறார்.

“ஜாஸ்,” என்றேன், காற்றாக.

“அது தமிழோ, மலையாளமோ?”

தாசன்தான் சொன்னான், “ரெண்டும் இல்ல அம்மாவா. அது அமெரிக்காவாக்கும்.”

அம்மாவன் அதை எடைபோட்டுப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

“ரெண்டும் அல்லெங்கில் கொள்ளாம்,” இரண்டும் இல்லையென்றால் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு தம்ளர் பாயசம் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லை போட்டார்கள். கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது. நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். அப்பா சில நாள் சாப்பிடாமல் இருந்தார், பிறகு கிழங்கு வியாபாரத்துக்குப் போனார், மலையாளத்தில் திட்டினார், தமிழில் ஜெபம் செய்தார். கோயிலில் இன்றும் பலகையில் இரண்டு எண்கள்தான்.

என் பெருவிரல் நகம் கறுத்து விழுந்து, மறுபடி முளைத்தபோது கோணலாக முளைத்தது. இப்போதும் கோணல்தான். எங்கள் குடும்பத்தில் யாராவது ஜெபத்தை நீட்டினாலும், பேச எழுந்தவர் உட்கார மறந்தாலும், பின்னாலிருந்து ஒரு குரல் வரும், “நேசத்தக் கூப்பிடு.” ஸ்டீபன் அத்தானே பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசிக்கொண்டிருக்கும்போது இப்படி ஒரு குரல் வந்து, பேச்சைப் பாதியில் முடித்திருக்கிறார்.

போன மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். அதே கோயில், அதே ஆர்கன். நான்தான் வாசித்தேன். (கண்ணாடியில் பூச்சுற்ற வந்த பெண்களிடம், “வேண்டாம்” என்று வாயைத் திறந்து சொன்னேன். இத்தனை வயதுக்குப் பிறகாவது.) நேரே வாசித்தேன். எல்லாம் முடிந்து, ஆட்கள் பந்திக்குப் போன பிறகு நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டியில் வலி, மெதுவாகத்தான் உட்கார்ந்தாள்.

“எலே, அன்னைக்கு என்னமோ வாசிச்சியே. அத கொஞ்சம் வாசி.”

“எதுக்கு?”

“எனக்குன்னு வாசிச்சதுன்னு தாசன் பொறவு ஒருநாள் சொன்னான். நான் ஒழுங்காக் கேக்கவே இல்லியே. அன்னைக்கு ஓட்டமும் பேடியும் பயமுமாக் கெடந்து.”

“எப்பிடி முடிக்கணும்னு எனக்கு இப்பவும் தெரியாது அக்கா.”

“அதுக்குத்தானே நான் இருக்கேன். வாசி.”

வாசித்தேன். ஒன்று ஒன்றைக் கூப்பிட்டது, போனேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். ஊரெல்லாம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வந்தபோது அவள் குனிவது தெரிந்தது.

இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிதித்தாள்.